பத்தாவது தடவை

வால்வைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் பிறகு இருபது நிமிடம் ஆறவிட வேண்டும். 1977இல் தீவிலிருந்த ராக்கெட் தளத்தில் ரியாசுதீனுக்கு அதுதான் வேலை. வால்வு அவன் கைக்கு வரவே மதியம் தாண்டிவிடும். ஒன்பதாவது முடியும்போது மணி ஐந்தே முக்கால். பழவேற்காட்டுக்குக் கடைசிப் படகு ஆறு மணிக்கு.

“இன்னா பாய், நீ தள்ளிவுட்டாத்தான் ராக்கெட்டு மேல போவுமா? வர்றியா, கயித்த அவுக்கட்டா?” என்று துறையிலிருந்து படகுக்காரன் துளசிங்கம் கத்துவான்.

படகை விட்டால் கேன்டீன் பெஞ்சில்தான் படுக்கை. மனைவி ஜொஹராவுக்கு எட்டாம் மாதம். முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் அவன் தீவில் இருந்தான். அதனால் ஒன்பது பார்த்துவிட்டுப் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பெண் பிறந்தது. பிழைத்தது. அதே மாதம் ராக்கெட் கிளம்பிய முப்பதாவது விநாடியில் வெடித்துக் கடலில் விழுந்தது. எவ்வளவு தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. விசாரணையில் பதிவேட்டைப் பார்த்தார்கள். வால்வு பத்துக்குப் பத்து. சந்தேகம் டேங்கை வெல்டிங் செய்த கங்காதரன்மேல் விழுந்தது. வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

சாமான்களை எடுக்க வந்தவன் ரியாசுதீனைப் பார்த்து நின்றான். “கண்ண மூடினா நான் வெச்ச வெல்டிங்குதான் தெரிது. எங்க வுட்டேன்னு தெர்ல பாய்.”

மறுநாள் ரியாசுதீன் அதிகாரியிடம் போய்ச் சொன்னான். அவர் சத்தம் போடவில்லை.

“இது ஒண்ணுதானா?”

“இல்ல சார்.”

“எதெது?”

மூன்று பதிவேடுகளை அவன் முன்னால் வைத்தார். எல்லாப் பக்கத்திலும் பத்து. எல்லாம் ஒரே கையெழுத்து. பெஞ்சில் படுத்துப் பத்தையும் உண்மையாகவே பார்த்த நாட்களும் அதில் இருந்தன. எவை என்று அவனுக்கே தெரியவில்லை.

“அப்போ எதையும் நம்ப முடியாது. நீ பாத்த வால்வு எல்லாத்தையும் கழட்டணும்” என்றார்.

வேலை போயிற்று. ஆரம்பாக்கத்துக்குப் பஸ் ஏறி, கங்காதரன் வீட்டு வாசலில் நின்று அவனிடமும் சொன்னான். அடிப்பான் என்று நினைத்தான். கங்காதரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்ப என் வெல்டிங்கு உடையல. அதானே? சொல்லு பாய்.”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வால்வும் டேங்கும் கடலுக்கடியில் கிடந்தன; யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதித்தான் இவ்வளவும்.

“தெர்ல” என்றான்.

கங்காதரன் கையை விட்டான்.