சுவரோடு ஒட்டிப்போன திட்டம்

1

இந்தக் கதை பசையிலிருந்து பிறந்தது. பசையைத் தடவியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தாமதமாகச் சொன்னால் அதற்குள் நீங்கள் என்மேல் கொஞ்சம் மரியாதை வைத்துத் தொலைத்திருப்பீர்கள். கொடுத்த மரியாதையைத் திரும்ப வாங்குவது இரண்டு பேருக்கும் சங்கடம்.

நடந்தது இதுதான். கல்லூரியில் கடைசி வருடம். மூன்று பேர் கொண்ட மாணவர் குழு. நூலகத்துக்குச் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் ஏறிச் செல்ல, வாசற்படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம், அதாவது ரேம்ப், வடிவமைக்க வேண்டும். ஒப்படைக்க ஐந்து நாள் இருக்கும்போது, அந்த ஐந்து நாளில் யார் எதைச் செய்வது என்று குழுவின் ஒருங்கிணைப்பாளன் ஒரு பெரிய அட்டவணை எழுதி அறைச் சுவரில் ஒட்டினான். அந்தத் தாளின் மறுபக்கத்தில், குழுவிலிருந்த பெண் பதினோரு நாள் உட்கார்ந்து வரைந்த சாய்தளத்தின் படம் இருந்தது. வேறு பிரதி இல்லை.

ஒருங்கிணைப்பாளன் நான்தான். ஆனால் ‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறது. இனிமேல் ‘அவன்’. குழுவில் அவனுக்குப் பட்டப்பெயர் அட்டவணை.

[ஓரத்தில் பென்சிலால்: “பட்டப்பெயர் வைத்தது நான். அதையும் எழுதவும்.”]

இந்தப் பென்சில் குறிப்புகள் அந்தப் பெண்ணுடையவை. எழுத எழுத, பக்கங்களை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். அப்போது அவருக்குப் பெயர் அளவுகோல். அது இல்லாமல் வெளியே வரமாட்டார். இப்போது அவர் என் அண்ணி. அதற்கும் பசைதான் காரணம், பின்னால் வருகிறேன். பதினான்கு வருடமாக வாராவாரம் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். பசையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசத் தைரியம் இல்லாததால்தான் கதை எழுதுகிறேன். எழுத்தாளர்களில் பாதிப் பேர் இந்த வகைதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“நூலகத்தின் முன்னால் ஆறு படிகள். உச்சிப்படியில் நின்று பார்த்தால் உலகமே –”

விட்டுவிட்டேன். உச்சிப்படியில் நின்று பார்த்தால் தெரிந்தது சைக்கிள் நிறுத்துமிடம்.

[பென்சில்: “ஏழு படி.”]

எனக்கு ஆறு என்றுதான் ஞாபகம். அவள் வரைந்த படம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒவ்வொரு படிக்கும் மெல்லிய நிழல்கூடப் போட்டிருந்தாள். இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன், ஆறு. சரி, போகட்டும். வரைகிறவர்களோடு எண்ணிக்கையில் மல்லுக்கு நிற்க முடியாது.

இரண்டாவது தொடக்கம்:

“ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். எங்கள் தேருக்கு மூன்றே பேர். அதிலும் ஒருவன் வடத்தைத் தொடாமல் –”

அந்த ஒருவன் யார் என்று கேட்பீர்கள். இதையும் விட்டேன்.

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன். மூன்றாவது ஆளுக்குப் பெயர் நாளைக்கு. எதைக் கேட்டாலும் அதுதான் அவன் பதில். சாய்வுக் கணக்கும் அட்டையில் சிறு மாதிரி செய்வதும் அவன் பொறுப்பு. அளவெடுப்பதும் வரைவதும் அளவுகோல். அட்டவணையின் பொறுப்பு அவன் எழுதிய முதல் அட்டவணையிலேயே இருந்தது: முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே பச்சைப் பட்டை.

“என்னடா இது, இவ்ளோ நீளமா?” என்றான் நாளைக்கு.

“ஒருங்கிணைப்பு.”

“அப்படின்னா என்ன செய்வ?”

“நீங்க வேலை செய்றீங்களான்னு பாப்பேன்.”

“அதை எங்கம்மா வீட்லயே செய்றாங்களே.”

அளவுகோல் பட்டைகளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். “எல்லாத்துக்கும் நாள் போட்டிருக்க. தப்பாப் போனா திருத்தறதுக்கு நாள் எங்க?”

“நம்ம குழுவுல தப்பு வராது,” என்றான் அட்டவணை.

[பென்சில்: “சொன்னதும் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாய். அதை ஏன் விட்டுவிட்டாய்?”]

வெட்கம்தான், அண்ணி.

3

தாளின் மறுபக்கத்தைப் பார்க்காமல் ஒருவன் எப்படி ஒட்ட முடியும்? நியாயமான கேள்வி. இரண்டு நல்ல பழக்கங்கள் சேர்ந்து செய்த காரியம் அது.

அளவுகோலின் நல்ல பழக்கம்: வரைந்த தாளை எப்போதும் முகம் கீழாகக் கவிழ்த்து வைப்பாள். தூசி படாது, டீ சிந்தினாலும் முதுகில்தான் சிந்தும். அட்டவணையின் நல்ல பழக்கம்: பசையைத் தாளில் தடவமாட்டான், சுவரில்தான் தடவுவான். அவன் அண்ணன் சுவருக்கு வண்ணமடிப்பவர், சுவர்த்தாள் ஒட்டுபவர். அவரிடம் கற்ற வித்தை. தாளில் தடவினால் தாள் ஊறிச் சுருங்கும். சுவரில் தடவினால் கண்ணாடி மாதிரி படியும்.

மதியம். மற்ற இருவரும் வெளியே போயிருந்தார்கள். மேசைமேல் பளிச்சென்று ஒரு வெள்ளைத்தாள். அவனுக்கு அது தனக்காகவே விரித்து வைத்ததுபோல் தோன்றியது. திருத்திய திட்டத்தை, ஐந்தாவது திருத்தம், நான்கு நிறத்தில் எழுதினான். சுவரில் பசை தடவினான். தாளை இரு மூலையில் பிடித்துத் தூக்கி ஒட்டி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினான். ஒரு குமிழிகூட இல்லை. வாழ்நாளில் அவன் இவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை வேறில்லை.

மறுநாள் காலை நாளைக்கு கேட்டான்: “படம் எங்க? கணக்கை முடிச்சிடறேன், இன்னைக்கே.”

அவன் வாயிலிருந்து ‘இன்னைக்கே’ என்ற சொல் வந்தது அன்று ஒருநாள்தான். அந்த நாளில் போய்ப் படம் இல்லை.

இனித்தான் என்னைப் பதினேழு வருடமாக அரிக்கும் இடம் வருகிறது. ஒரு பொருளைக் காணோம் என்றால் எங்கே தேடுவோம்? மேசையில், மேசைக்கு அடியில், அடுத்தவன் பையில். அளவுகோல் எங்குமே தேடவில்லை. நேராகச் சுவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “இதுக்குப் பின்னாடி இருக்கு,” என்றாள். சத்தம் போடவில்லை. அழவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

சுவரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

[இந்த இடத்தில் பென்சில் குறிப்பு இல்லை. அழித்த தடம் மட்டும் இருக்கிறது.]

4

அட்டவணை ஓடிப்போய் அண்ணனைக் கூட்டிவந்தான். அண்ணன் வெந்நீர், துணி, சுவர் சுரண்டும் தகட்டுக்கரண்டியோடு வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“யாரு ஒட்டினது?”

“நான்தான்ணே.”

“சொல்லிக் குடுத்தது தப்பாப் போச்சு,” என்றார்.

ஒரு மூலையைக் கையளவு உரித்தார். அதற்குள் அளவுகோல் அளவெடுத்துத் திரும்பிவிட்டாள். இருவரும் ஏதோ பேசினார்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி பேசினார்கள். மூன்றாம் வருடம் கல்யாணம். “இனிமே அண்ணின்னு கூப்பிடு, நீங்கன்னு பேசு,” என்று அம்மா உத்தரவு போட்டாள். நேற்றுவரை ‘ஏய்’ என்றவளை ‘நீங்க’ என்று கூப்பிட அட்டவணைக்கு ஆறு மாதம் பிடித்தது.

இதெல்லாம் சிரிக்கிற பகுதி. சிரிக்காத பகுதியையும் சொல்ல வேண்டும். புதிதாக வரைந்து ஒப்படைக்க இரண்டு நாள் தாமதமானது. நாளுக்கு ஒரு மதிப்பெண் வெட்டு. அவளுக்குக் கட்டட வடிவமைப்பில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்காமல் போனதும் சரியாக இரண்டு மதிப்பெண்ணில். அதன்பின் ஓர் அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தார். இன்றும் அதே நாற்காலி. மற்றவர்கள் யோசித்த கட்டடங்களை நேர்க்கோட்டில் வரைகிறார்.

அந்த இரண்டு மதிப்பெண்ணை நான் தின்றுவிட்டேன். அதனால்தான் அவர்கள் வீடு மாறும்போதெல்லாம் அலமாரிக்கு நான் முதல் ஆளாகத் தோள் கொடுப்பேன். நான்கு முறை மாறினார்கள். அந்த அலமாரியோ, மாமியார் மாதிரி அசைந்துகொடுக்காத பெரிய அலமாரி. குழாய் ஒழுகினால் நான், குடை உடைந்தால் நான். ‘தம்பின்னா இப்படி இருக்கணும்’ என்பார்கள் உறவுக்காரர்கள். தம்பிப் பாசம் இல்லை அது, தவணை.

5

கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாத ஒருத்தியை வாசகர் நம்பமாட்டார். ஆகவே விசாரித்தேன்.

நாளைக்குவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“அவ கோபமா இருந்தாளாடா?”

“அதெல்லாம் ஞாபகம் இல்லடா. என் அட்டை மாதிரிய மறுபடி முதல்லேருந்து வெட்ட வெச்சா. ரேம்ப் நீளமாயிடுச்சுன்னு சொன்னா. அது ஏன்னு யோசிச்சு...”

“யோசிச்சு?”

“நாளைக்குச் சொல்றேன்.”

அண்ணனிடம் போனேன். ஏணிமேல் நின்று கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு ஏண்ணே பாதியில விட்டீங்க?”

“ஒரு மணி நேரம் குடுங்க, முழுசா எடுத்துடலாம்னுதான் சொன்னேன். உங்க அண்ணிதான் வேணாம்னுட்டா.”

“ஏன்?”

“அவகிட்டயே கேளு. நான் சுவர்ல வேலை பார்ப்பேன், உங்களுக்கு நடுவுல சுவரா நிக்க முடியாது.” ஒரு சொட்டு வெள்ளை என் தலையில் விழுந்தது. வேண்டுமென்றே விட்டார் என்று சொல்லமாட்டேன். துடைக்கத் துணியும் தரவில்லை.

விசாரணையில் வந்தவை இரண்டு புதிய கேள்விகள். பதில் ஒன்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டு மூன்று முடிவுகள் எழுதினேன். பிடித்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

(அ) அளவுகோல் மன்னித்துவிடுகிறாள். இருவரும் கண் கலங்குகிறார்கள். (எனக்கே நம்பிக்கை இல்லை.)

(ஆ) அளவுகோல் பதினேழு வருடத்துக் கோபத்தையும் ஒரே மதியத்தில் கொட்டித் தீர்க்கிறாள். அட்டவணை தலைகுனிந்து நிற்க, அலமாரி –

(இ) கல்லூரியில் அந்தச் சுவரை இடிக்கிறார்கள். உள்ளேயிருந்து படம் முழுதாக –

[பென்சில், தாளின் குறுக்காக: “மூன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வா.”]

6

போனேன். முடிவை உங்கள் கையில் கொடுப்பதாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். என்னிடமும் அது இல்லை. நடந்ததை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறேன். ‘அவன்’ என்று எழுதுவதையும் இத்தோடு விடுகிறேன்.

சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்திருந்தார்கள். அண்ணி காதில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். நான் எழுதிய பக்கங்கள் எதிரே, முகம் கீழாக.

“அண்ணி, கதையில ஒரு இடம் சரியா வரல. நீங்க தப்பா நினைக்கலன்னா, அதாவது, அந்தக் கதாபாத்திரம் அந்தச் சமயத்துல ஒருவேளை...”

“கதாபாத்திரத்தை விடு. கேக்க வேண்டியதைக் கேளு.”

தொண்டையைச் செருமினேன். பன்னிரண்டு தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம் காணாமல் போய்விட்டது. வேறொன்று வந்தது, அம்மாவின் உத்தரவையும் மீறிக்கொண்டு.

“அளவுகோல், நான் ஒட்டுனதை நீ பாத்தியா?”

அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“பாத்தேன். கதவுகிட்டதான் நின்னேன். நீ தாளைத் தூக்கும்போது கூப்பிட வாய் திறந்தேன். மூடிக்கிட்டேன்.”

“ஏன்?”

“அன்னைக்கு மதியம் ஒரு அளவு சந்தேகமா இருக்கேன்னு மறுபடி நூலகத்துக்குப் போனேன். எண்ணிப் பாத்தா ஏழு படி. முதல் தடவை கீழ்ப்படியில உக்காந்துக்கிட்டு ஆறுன்னு எண்ணியிருக்கேன். உக்காந்திருந்த படிய எண்ணல. ஒரு படி உயரம் குறைஞ்சா ரேம்ப் நீளம் பத்தாது, சாய்வு தப்பு, மொத்தப் படமும் தப்பு. உங்ககிட்ட சொல்லணும்னுதான் ஓடி வந்தேன். வந்தா, நீ என் தப்பைச் சுவத்துல ஒட்டி நீவிக்கிட்டிருக்க. குமிழிகூட இல்லாம.”

“அப்ப அந்த ரெண்டு மார்க்கு?”

“என்னோடது. நீ ஒட்டலன்னாலும் நான் மறுபடி வரைஞ்சிருக்கணும், அதே ரெண்டு நாள் தாமதமாகியிருக்கும். உன்னால எதுவும் போகல. அன்னைக்கே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். தப்பு வெளிய தெரிஞ்சிடும்னுதான் உங்கண்ணனையும் முழுசா உரிக்க விடல. அப்புறம் நீ அலமாரி தூக்க ஆரம்பிச்சுட்ட, சொல்ல இன்னும் கஷ்டமாப் போச்சு.”