நாற்பத்திரண்டு விநாடி

படிவத்தில் 'எதற்காக ஆங்கிலம் கற்க விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே நான்கு கட்டங்கள் இருந்தன. வேலை, மேற்படிப்பு, சுற்றுலா, மற்றவை. பெற்ற மகளோடு பேச என்று ஒரு கட்டம் போட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. 'மற்றவை'யில் டிக் அடித்து வரவேற்பில் இருந்த பெண்ணிடம் நீட்டினேன். அவள் காதில் ஒரு மைக், உதட்டில் ஒரு சிரிப்பு. இரண்டையும் வேலை முடிந்த பிறகுதான் கழற்றுவாள் போல.

"மற்றவைன்னா என்ன மேடம்?"

"மற்றவைன்னா மற்றவைதாம்மா" என்றேன். அவள் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

நான்கு மாதத்தில் நான் கணவரும் மகளும் இருக்கும் வெளிநாட்டுக்குப் போகிறேன். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று. ஆறு வருடத்துக்கு முன்பே போயிருக்க வேண்டியவள். கணவருக்கு அவர் தங்கச்சி மூலமாக அங்கே ஒரு கிடங்கில் வேலை கிடைத்த நேரம், மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். ஒருவர் இருந்துதான் ஆக வேண்டும். "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ" என்றார் கணவர். மகளுக்கு அப்போது நாலு வயது. படுத்த படுக்கையான மனுஷனையும் கடை வேலையையும் வைத்துக்கொண்டு குழந்தையை எப்படிப் பார்ப்பாய், நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வாள் என்றார்கள். நானும் தலையாட்டி, குழந்தையை அவரோடு அனுப்பி வைத்தேன். மாமனாரைக் குறை சொல்லக்கூடாது, நல்ல மனுஷன்தான், ஆனால் உயிர் கெட்டி. அந்த ஒரு வருடத்தை ஆறாக்கிவிட்டு இரண்டு மாதத்துக்கு முன்புதான் போய்ச் சேர்ந்தார்.

முதல் இரண்டு வருடம் குட்டி போனில் தமிழில் வாய் ஓயாமல் பேசினாள். பிறகு பாதி பாதி. பிறகு 'ம்' மட்டும். இப்போது முழுக்க ஆங்கிலம். கணவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் பேசுவதை எனக்கும் நான் பேசுவதை அவளுக்கும் மாற்றிச் சொல்வார். அவர் சொல்லித்தான் என் மகள் என்னைத் தேடுகிறாள், என் சமையலை நினைக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் புது போனிலிருந்து எனக்கு நேராக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நாற்பத்திரண்டு விநாடி. அவர் இல்லாமல் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பத்துத் தடவை போட்டுக் கேட்டேன். ஒரு மண்ணும் புரியவில்லை. கடைசியில் வந்த 'ப்ளீஸ்' மட்டும் தெரிந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கூப்பிட்டார்.

"ஏதோ அனுப்பியிருக்காளாமே? ஒண்ணுமில்ல, அம்மா எப்ப வரும்னு கேக்குறா. சீக்கிரம் வரச் சொல்றா."

"குரல் ஒரு மாதிரி இருந்துச்சே?"

"ஏக்கம்தான். நீ அதை டெலீட் பண்ணிடு. போன்ல இடத்தை அடைக்கும்."

ஆறு வருடத்தில் என் போனில் எது இடத்தை அடைக்கிறது என்று அவர் ஒரு தடவை கூடக் கவலைப்பட்டதில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் பூட்டுவது என் வேலை. பூட்டியதும் மெஷினில் வைத்துப் பவர் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பேன். செக்கிங் அக்கா என் சீட்டைப் பார்க்காமல் அவள் ஒரு தடவை பார்த்து எழுதுவாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் கண்ணாடி கடையை விட்டுப் போகும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளைக் கூப்பிட வேண்டும். பவர் தப்பினால் யாரோ ஒருவர் படியில் கால் தவறி விழுவார், பழி எங்கள் தலையில் விடியும். இவ்வளவு தெரிந்தவள், ஆறு வருடமாக ஒரே ஆள் பார்த்துச் சொன்னதை வீட்டில் நம்பியிருக்கிறேன். கடையில் இதைச் செய்திருந்தால் முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.

எந்தப் பள்ளியில் சேர்வது என்று அலைந்துகொண்டிருந்தவளுக்கு அந்தக் கடை வழக்கமே வழி காட்டியது. போகிற இடத்திலெல்லாம் மெசேஜைப் போட்டுக் காட்டுவது, இதற்கு முன் யார் என்ன சொன்னார்கள் என்று மூச்சு விடாமல் இருப்பது.

டிக் அடித்த பள்ளியில் டை கட்டிய பையன் ஒருவன் வந்தான். குளிரூட்டிய அறை, சுவர் நிறைய விமானப் படம். மெசேஜை அவன் பாதி கூடக் கேட்கவில்லை. "மிஸ் பண்றாங்க மேடம், உங்களை. சீக்கிரம் வாங்கன்னு சொல்றாங்க. நம்ம ஆறு வாரக் கோர்ஸ்ல நீங்களே பதில் பேசலாம்" என்றான். என் கணவரின் சீட்டைப் பார்த்து எழுதியது போல இருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இருபது விநாடி கேட்டு நாற்பத்திரண்டுக்கு அர்த்தம் சொல்லிவிட்டானே என்றுதான் இருந்தது.

இரண்டாவது, மருந்துக்கடைக்கு மேலே மாடியில். சார் வயதானவர், இலக்கணத்தில் புலி என்று பேர். போனைக் காதோடு ஒட்டி மூன்று தடவை கேட்டார். அவர் பார்வை என் முகத்துக்கு வரவேயில்லை, கரும்பலகைக்கும் ஜன்னலுக்குமாகப் போய்வந்தது.

"பள்ளிக்கூடத்தைப் பத்தி ஏதோ சொல்லுதும்மா. ஏதோ ரூம்... நல்லா பேசுது பொண்ணு. ஆசீர்வாதம்."

இரண்டும் ஒத்துப்போகவில்லை.

மூன்றாவது பள்ளி பள்ளியே இல்லை. வெளிநாடு போகும் நர்சுகளுக்கு டீச்சர் ஒருவர் தன் வீட்டு முன்னறையில் நடத்துகிறார். நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சுழலும்போது கடகடக்கிற ஒரு மின்விசிறி. சனிக்கிழமை மதியம் போனேன். ஒரு தடவை முழுதாகக் கேட்டவர், போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"இதுக்கு உங்களுக்கு யாராவது அர்த்தம் சொல்லியிருக்காங்களா?"

"நீங்க சொல்லுங்க."

"நாலு மாசம் ஒழுங்கா வந்தா நீங்களே புரிஞ்சுக்கலாம். அப்ப கேட்டுக்குங்களேன்."

"கண்ணாடிக் கடைக்காரி நான். தப்பான பவரை மாட்டிக்கிட்டு நாலு மாசம் நடக்க முடியாது. சொல்லிடுங்க" என்றேன்.

அவர் மறுபடி போட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியாகச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை, அதற்காக அவருக்குக் கோடி புண்ணியம்.

"நீங்க வர்றதா அப்பா சொன்னாரு. நீங்க என் ரூம்லதான் இருப்பீங்களாம். நான் அத்தையைத்தான் அம்மான்னு கூப்பிடுறேன். அது உங்களுக்குத் தெரியாதுன்னு அப்பா சொன்னாரு. நீங்க வந்துட்டா அவங்களை நான் எப்படிக் கூப்பிடுறது? அவங்க ரெண்டு நாளா அழுதுக்கிட்டே இருக்காங்க. உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. உங்களை எனக்கு அவ்வளவாத் தெரியாது. நீங்க வராம இருக்க முடியுமா, ப்ளீஸ்."

அழுகை வரவில்லை. கணவர் மேல் வர வேண்டிய ஆத்திரம் கூட உடனே வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது, அதை நினைத்தால்தான் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

"இங்கேயே சேர்ந்துக்குறேன் டீச்சர்" என்றேன்.

அவர் படிவம் எதுவும் தரவில்லை. ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். "முதல்ல என்ன கத்துக்கணும்?"

"இவளுக்கு ஒரு பதில் சொல்லணும்."

"சரி, தமிழ்ல சொல்லுங்க. நான் மாத்தித் தர்றேன்."

வாயைத் திறந்தேன். நான்தான் உன்னைப் பெற்றவள் என்பதா? வருவேன் என்பதா, வரவில்லை என்பதா? அத்தையை எப்போதும் போலவே கூப்பிடு கண்ணு என்பதா? ஆங்கிலம் தெரியாததுதான் குறை என்று இந்த ஒரு வாரமாக ஊர் சுற்றியிருக்கிறேன். தமிழிலேயே என்னிடம் ஒன்றும் இல்லை. வாசலில் அடுத்த வகுப்பு நர்சுகள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள். டீச்சர் அவர்களைக் கையசைத்து நிறுத்தினார்.

போனை எடுத்து மைக் பொத்தானை அழுத்தினேன். விநாடிகள் ஓடின. விசிறி கடகடத்தது. ஏதாவது வந்துவிடும், வந்துவிடும் என்று அழுத்திப் பிடித்திருந்த விரல் வியர்த்து வழுக்கியதும் மெசேஜ் தானாகப் போய்விட்டது. பதினேழு விநாடி, ஒரு வார்த்தை இல்லாமல்.

அங்கே அப்போது காலை. இரண்டு டிக்கும் நீலமாயின. அவள் பேரின் கீழே 'ரெக்கார்டிங்' என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது.

ஒன்பது விநாடி நீளத்தில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. டீச்சர் கையை நீட்டினார். கொடுக்கவில்லை, நானே காதில் வைத்தேன். அவளும் பேசவில்லை. தூரத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது, யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், அவள் பதில் சொல்லவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. மூக்கு அடைத்திருந்தது. சளியா, அழுதிருக்கிறாளா என்று தெரியாமல் திரும்பவும் முதலிலிருந்து போட்டேன்.