நாற்பத்தொரு எச்சரிக்கைகள்

1.

இது இன்னொருத்தியிடமிருந்து எடுத்த கதை. திங்கட்கிழமை கற்பிட்டி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் பாலாவி வருமுன் சொல்லி முடித்துவிட்டாள். "எழுதுறதெண்டா எழுதுங்க, என்ட பேரப் போடாதீங்க" என்றாள். ஆகவே அவள் நிஃப்லா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்

[மொழிபெயர்ப்பு நாவல்களிலேயே கிடப்பதால் வந்த வியாதி. புத்தளத்தில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது உப்பு மட்டும்.]

பிறகு: உப்பளக் காற்று ஜன்னலை

[அந்த அலுவலகத்தில் ஜன்னலே திறப்பதில்லை. ஏஸி.]

2.

சரி, நேராகவே சொல்கிறேன். நிஃப்லா ஒரு நலன்புரிச் சங்கத்தில் கம்பியூட்டர் வேலை பார்க்கிறாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்குக் காணித் துண்டு கொடுப்பதாகச் சொல்லி, மேலிடத்திலிருந்து பட்டியல் கேட்டிருந்தார்கள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். படிவம் படிவமாகப் பார்த்து, மூன்று மாதம் அவளே தட்டிய கோப்பு. முதல் வரி அவளும் உம்மாவும். இரண்டாவது வரி, அதே வீட்டின் பின்னறையில் புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிற அவளது மூத்தவள், ராத்தா பரீனா.

அந்தக் கோப்பு அவளது லெப்டொப்பிலிருந்து கொழும்பிலுள்ள சேர்வருக்குள் போக வேண்டும். கடைசி நாள், கடைசி நேரம் பின்னேரம் நாலு மணி. இரண்டு மணிக்கு சேர்வர் மறுத்தது: உள்ளூர்க் கோப்பை ஏற்றும் வசதி முடக்கப்பட்டுள்ளது.

[இதை உவமையாக்க என் கை துறுதுறுக்கிறது. ஆக்கமாட்டேன்.]

சேர்வரைப் பார்க்கிறவன் தினுஷன், உடப்புக்காரன். அவனுக்கு போன் எடுத்தாள்.

"அது பழுதில்ல அக்கா. நாங்கதான் பூட்டி வச்சிருக்கிறம். திறந்து வச்சா, கள்ள சேர்வர் ஏதும் உங்கட மெஷின்ல இருக்கிற ஃபைல உருவிக்கொண்டு போகலாம்."

"என்ட மெஷின்ல களவெடுக்க என்ன இருக்கு தம்பி? அகதிப் பட்டியல்தான்."

"சரி, நான் இந்தப் பக்கம் லோக்கல் இன்ஃபைல, அந்த ஏத்துற வசதிய, ஒன் பண்றன். நீங்க உங்கட பக்கமும் ஒன் பண்ணோணும். ரெண்டு பக்கமும் சம்மதிச்சாத்தான் ஏறும்."

"கலியாணம் மாதிரி."

"அதுக்கு மாமியும் சம்மதிக்கோணும். இதுக்குத் தேவையில்ல."

3.

ஏறியது. திரையில் வந்தது இவ்வளவுதான்: பதிவுகள் 1312. நீக்கப்பட்டவை 0. தவிர்க்கப்பட்டவை 41. எச்சரிக்கைகள் 41.

செயலாளர் மஸாஹிர் கதிரைக்குப் பின்னால் நின்றார். "எரர் இருக்கா புள்ள?"

"இல்ல. வார்னிங் மட்டும், நாப்பத்தொண்டு."

"வார்னிங் எண்டா இன்னும் ஒண்டும் நடக்கல்லதானே? அனுப்புங்க."

[அவரும் தொண்ணூறில் 'வெளியேறு' என்ற ஒலிபெருக்கி எச்சரிக்கையைக் கேட்டுக் கிளம்பி வந்தவர்தான்.]

நிஃப்லாவின் கண் 'நீக்கப்பட்டவை 0' என்பதிலேயே நின்றது. இறுதிப் பட்டியல் என்று உறுதிசெய்து அனுப்பினாள். நாலு மணிக்குப் பிறகுதான் எச்சரிக்கைகளைத் திறந்தாள். நாற்பத்தொரு தடவையும் ஒரே வாக்கியம்: இந்த அட்டை இலக்கம் ஏற்கெனவே உள்ளது.*

பட்டியல் தொடங்கிய நாளில் தினுஷன் ஒரு கேள்வி கேட்டிருந்தான்: "ஒரு நிவாரண அட்டைக்கு ஒரு குடும்பம்தானே அக்கா?" எங்கள் ஆட்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அட்டை உம்மாவின் பேரிலேயே இருக்கும். யாரும் அதைப் பிரிப்பதில்லை. 'நாங்க ரெண்டு குடும்பம்' என்று சொன்னால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். நிஃப்லா கொஞ்சம் பெருமையோடேயே "ஓம்" என்றிருந்தாள். அவனும் ஓர் அட்டையை ஒரு தடவைக்கு மேல் ஏற்காதபடி செய்துவைத்தான்.

* கோப்பு சேர்வரிலேயே இருந்திருந்தால், முதல் இரட்டிப்பிலேயே, அதாவது இரண்டாவது வரியிலேயே, வேலை நின்றிருக்கும். வேறு மெஷினிலிருந்து வரும் கோப்பை நடுவில் நிறுத்த வழியில்லை. அதனால் பிழையை எச்சரிக்கையாக்கி, அந்த ஆளை விட்டுவிட்டு, அது போய்க்கொண்டே இருக்கும். பரீனாவை விட்ட பிறகும் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து வரிகள் போயின.

4.

முடிவு அ: அதிகாரி மனமிரங்கி, கண்ணாடியைக் கழற்றி

[நிஃப்லாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "எந்த நாட்டு அதிகாரி இவர்?" என்று பதில் வந்தது. அழித்துவிட்டேன்.]

முடிவு ஆ: விடுபட்ட நாற்பத்தொரு குடும்பமும் அலுவலக வாசலில் வந்து

[வரவில்லை. அவர்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.]

உண்மையில் மேலிடத்திலிருந்து வந்தது ஒரு கடிதம். புதன்கிழமை பகல் பன்னிரண்டு வரை பெயர்களை மாற்றலாம். மொத்தம், இப்போது ஏறியிருக்கும் ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்றுக்கு மேல் போகக் கூடாது.

அன்று வீட்டில் பரீனா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்: "எங்கட பேரும் போயிட்டா நிஃப்லா?"

"ஓம் ராத்தா."

"பக்கத்துப் பக்கத்துத் துண்டாக் கேளு. நடுவுல வேலி போடாம விடுவம். உம்மா ரெண்டு பக்கமும் நடக்கோணும்."

5.

இதை எழுதும்போது செவ்வாய் பின்னேரம். நிஃப்லா திருத்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். முதல் வரியில் தன் பெயர் இருந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டு, அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

"நீங்கதானே கதை எழுதுற ஆள். சொல்லுங்க" என்கிறாள்.

எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் தருகிறேன்.

குடும்பத் தலைவர்: ____________

ஒரு பெயர்தான் கொள்ளும், அவளோ ராத்தாவோ. மனம் கேட்காவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். எச்சரிக்கை ஒன்று வரும், அவ்வளவுதான். எதுவும் நிற்காது.