பின்வரிசைச் சுவர்

சுவருக்குப் பல் இருக்கிறதா என்று முதலில் கேட்டவள் நண்டுதான்.

அவளுக்குப் பதிவேட்டில் நீளமான ஒரு பெயர் இருந்தது. ஆனால் ஓரிடத்தில் உட்காராமல், பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பக்கவாட்டிலேயே நகர்ந்து போய்விடுவாள். அதனால் மூன்றாம் வகுப்பு முழுக்க அவளை நண்டு என்றே கூப்பிட்டது. நாளடைவில் ஆங்கில டீச்சரின் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

"என்னடி கேள்வி இது? சுவருக்கு ஏது பல்லு?" என்று டீச்சர் சிரித்தாள். வகுப்பும் சேர்ந்து சிரித்தது.

"இல்ல டீச்சர், அது எதையோ மெல்லுது."

"முதல்ல நீ மெல்லாம இரு. வாயில என்ன?"

நண்டு வாயைத் திறந்து காட்டினாள். ஒன்றும் இல்லை. விழுந்த முன்பல்லின் இடம்தான் காலியாக இருந்தது. மறுபடியும் சிரிப்பு. டீச்சர் அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அன்று திங்கட்கிழமை, அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வு அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் பார்க்கப் போகிற ஒரே வகுப்பு அவளுடையது.

அவளுடைய வகுப்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குக் காரணம் பின்சுவரில் இருந்தது. தரையிலிருந்து கை எட்டும் உயரம்வரை, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, ஆங்கிலச் சொல் அட்டைகள். வினைச்சொல்லுக்குப் பச்சை, பெயர்ச்சொல்லுக்கு மஞ்சள், குணத்தைச் சொல்லும் சொல்லுக்கு நீலம். மொத்தம் இருநூற்று நாற்பது அட்டைகள். பழைய நாட்காட்டிகளின் முதுகில் வெள்ளைத்தாள் ஒட்டி, ஒவ்வொன்றையும் அவளே வெட்டி எழுதியது. பாட்டுப் பாடும்போது பிள்ளைகள் ஓடிப்போய் வேண்டிய சொல்லைத் தொட்டுவிட்டு வருவார்கள். மற்றப் பள்ளிகளிலிருந்துகூட ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த யோசனை முதலில் தலைமையாசிரியையிடமிருந்து வந்தது. "அந்தச் சுவர் பாக்கவே சகிக்கல. ஏதாவது சார்ட் ஒட்டி மறைச்சிடும்மா" என்றார். அப்போது சுவரில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு, ஜன்னல் ஓரத்திலிருந்து கீழே இறங்கியிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தாள். பசை தடவினாள். ஒட்டினாள்.

அன்றைய பாடம் சத்தச் சொற்கள். ஒரு தகரடப்பாவில் கூழாங்கல், ஒரு பழைய செய்தித்தாள், சாவிக்கொத்து, தண்ணீர்ப் புட்டி, காய்ந்த இலைகள். எல்லாவற்றையும் மேசை மேல் ஒரு போர்வைத் திரைக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொன்றாக ஆட்டினாள், கசக்கினாள், நொறுக்கினாள். பிள்ளைகள் முதலில் தமிழில் சத்தத்தைச் சொல்லவேண்டும், பிறகு ஆங்கிலத்தில். கலகல, சரசர, சலசல, மொறுமொறு. இலையை மிதித்ததும், 'க்ரஞ்ச்' என்று வகுப்பே கத்தியது.

பிறகு கவிதை. "கண்ண மூடிக்கோங்க. ரெண்டு நிமிஷம் மூச்சு விடற சத்தம்கூட வரக்கூடாது. காதுல விழறத எல்லாம் பிடிச்சு வைங்க. அப்புறம் ஒரு வரிக்கு ஒரு சத்தம்னு எழுதுங்க."

முப்பத்திரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். அடுத்த மனையில் கட்டடம் எழுப்பக் குழி தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் அந்த நேரத்தில் நின்றிருந்தது. டீச்சருக்கு மின்விசிறியும் தூரத்து வண்டியும் மட்டும் கேட்டன.

மாலையில் வீட்டில் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தாள். 'ஃபேன் சேஸ் விர்ர்', 'பெல் சேஸ் டிங்', 'மை டம்மி சேஸ் கர்ர்'. ஒருவன் தன் வயிற்றின் சத்தத்தை எழுதியதைப் படித்துவிட்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நண்டின் நோட்டில் நான்கே வரி. நான்காவது வரி, 'வால் சேஸ் க்ரஞ்ச்.' சுவர் நொறுங்குகிற சத்தம் போடுகிறது என்கிறாள். டீச்சர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, 'சுவர் சத்தம் போடாது. யோசித்து எழுது' என்று எழுதினாள்.

அடுத்த நோட்டிலும் அதே வரி. அதற்கடுத்ததில் ஆங்கிலச் சொல் தெரியாமல் தமிழில் 'நறநற' என்றிருந்தது. ஆறு நோட்டுகள். ஆறும் கடைசி பெஞ்சுக்காரர்களுடையவை.

பார்த்து எழுதியிருக்கிறார்கள், நண்டு கிளப்பிவிட்டது, வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்த ஆறு நோட்டுகளையும் தனியே எடுத்து வைத்தாள்.

மறுநாள் வகுப்புக்குப் போனதும் முதல் வேலையாகக் கடைசி பெஞ்சில் இருந்த ஆறு பேரையும் முன்னால் கொண்டுவந்தாள். முன்னால் இருந்த ஆறு பேரைப் பின்னால் அனுப்பினாள். "நேத்து எழுதின மாதிரியே இன்னொரு தடவை" என்றாள். நோட்டுகளை அங்கேயே வாங்கி, நின்றபடியே புரட்டினாள்.

நண்டு இந்த முறை சாக்பீஸ் சத்தத்தையும் தன் மூக்கடைப்பையும் எழுதியிருந்தாள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதிதாகப் பின்னால் போன ஆறு பேரில் ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். வகுப்பிலேயே அதிகம் படிக்கிற பெண், வம்புக்குப் போகாத பிள்ளை, அழகாக ஒரு முழு வாக்கியமே எழுதியிருந்தாள். சுவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறது.

டீச்சர் அந்த நோட்டைக் கையில் வைத்தபடியே பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மதிய இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். காதை அட்டைகளின் மேல் வைத்துக் கண்ணை மூடினாள். முதலில் தன் இரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு, ஆழத்தில், மெதுவாக, அவசரமே இல்லாமல், அது கேட்டது. ஒரு கடி. ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு கடி.

ஜன்னல் ஓரத்து அட்டைகளை நகத்தால் நெம்பினாள். ஒன்று, இரண்டு, பத்து. தலைமுடி கனத்தில் இருந்த கோடு இப்போது வாய் திறந்திருந்தது. கையிலிருந்த முழுச் சாக்பீஸை அதற்குள் விட்டுப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. விழுந்த சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவேயில்லை.

தலைமையாசிரியை அறையில் நாளைக்கான பூச்செண்டுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. டீச்சர் சொன்னதையெல்லாம் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பசங்க எழுதின பாட்டை வச்சா சொல்றே?"

"நானே கேட்டேன் மேடம். கையை உள்ள விடலாம் போல இருக்கு."

"பக்கத்துல குழி தோண்ட ஆரம்பிச்சதுலேர்ந்தே நான் நாலு கடிதம் எழுதிட்டேன்ம்மா. ஒருத்தரும் காதுல போட்டுக்கல. நாளைக்கு வர்றவங்க நல்லபடியா எழுதினாத்தான் புதுக் கட்டடத்துக்கே வழி. இன்னிக்குப் போய் சுவர் விழுதுன்னு சொன்னா ஸ்கூலையே மூடிடுவாங்க. இத்தனை பிள்ளைங்களும் எங்க போகும்?"

"மேடம், அது நாளைக்கு வரைக்கும்…"

"நாளைக்கு ஒரு நாள். பிரிச்ச அட்டையை ஒட்டிடு. மத்தத வியாழக்கிழமை பாத்துக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளில் யாருக்குச் செருப்பு இல்லை என்று தெரிந்து வைத்திருப்பவர். அதனால்தான் டீச்சரால் கத்தவும் முடியவில்லை. வார்த்தைகளை மென்று விழுங்கிக்கொண்டு திரும்பினாள்.

பள்ளி விட்டதும் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் கொத்தனார். சிமெண்ட் கையோடு வந்தார். சுவரை விரல் முட்டியால் அங்கங்கே தட்டினார், ஜன்னல் வழியாகப் பக்கத்து மனையை எட்டிப் பார்த்தார். குழி சுவரின் அடியை ஒட்டி, இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. எப்போதும் தங்கையைக் கிண்டல் செய்கிற மனிதர் அன்று ஒரு கிண்டலும் செய்யாமல் பையைத் திறந்தார்.

அதிலிருந்து ஐஸ் குச்சி நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை எடுத்தார். விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையிலும் சிமெண்ட் அப்பினார்.

"காலையில வந்து முதல்ல இதைப் பாரு, பாப்பா. முழுசா இருந்தா சுவர் நிக்குதுன்னு அர்த்தம். உடைஞ்சிருந்தா…"

"உடைஞ்சிருந்தா?"

"ஒரு குழந்தையையும் உள்ள விடாதே. யார் சொன்னாலும் சரி."

புதன்கிழமை காலை ஏழரைக்கே அவள் போய்விட்டாள். கண்ணாடி உடைந்திருந்தது. இரண்டு பாதிகளுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி.

வகுப்பைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளைகள் வரவர, பள்ளி வாசலுக்குப் பக்கத்தில், கட்டடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகமுடியுமோ அவ்வளவு தள்ளி, மரத்தடியில் உட்காரவைத்தாள். "இன்னிக்குப் பாட்டு வகுப்பு வெளியில" என்றாள். அவள் இடுப்பில் வகுப்புச் சாவி இருந்ததை நண்டு கவனித்துவிட்டாள். அன்றைக்கு அவள் நகரவேயில்லை.

பதினொரு மணிக்கு அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நடந்துவந்த தலைமையாசிரியையின் முகம் சிவந்திருந்தது.

"என்ன இது? பிள்ளைங்களை உள்ள கூட்டிட்டுப் போ."

"மாட்டேன் மேடம்."

அந்த வார்த்தையை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதிகாரிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர், "என்ன பிரச்சினை?" என்று கேட்டார். டீச்சர் சொல்ல ஆரம்பித்தாள். தலைமையாசிரியை குறுக்கே கையை நீட்டினார்.

"சாவியைக் குடு. நானே உள்ள போய் உட்கார்றேன். அப்பவாவது உன் பயம் போகுதா பாப்போம்."

"வேண்டாம் மேடம். சொன்னாக் கேளுங்க."

சாவி கைமாறியது. கதவு திறந்தது. தலைமையாசிரியை சின்னப் பிள்ளைகளின் கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க இடிக்க, தன்னைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவருகில் நின்ற டீச்சர், வகுப்பில் சொல்கிறதையே சொன்னாள்.

"கண்ண மூடுங்க மேடம். ரெண்டே நிமிஷம்."

தலைமையாசிரியை முறைத்தார். பிறகு கண்ணை மூடினார்.

பக்கத்து மனை இயந்திரம் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. சுவரின் மேல்வரிசையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டை தானாகக் கழன்று, ஆடி ஆடிக் கீழே வந்தது. பிறகு ஒரு நீலம். பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல.

தலைமையாசிரியை கண்ணைத் திறந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. சத்தம் போடாமல் எழுந்தார். தூங்குகிற ஒன்றை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல, நுனிக்காலால் நடந்து வெளியே வந்தார். வந்ததும் ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மணிக்கயிற்றைப் பிடித்து, விடாமல் அடித்தார்.

எல்லா வகுப்புகளும் வாசலுக்கு வந்து சேர ஏழு நிமிடம் பிடித்தது. டீச்சர்கள் தலையை எண்ணினார்கள், சரியாக இருந்தது, மறுபடி எண்ணினார்கள். அதிகாரிகள் பக்கத்து மனைக்காரர்களைக் குழியிலிருந்து மேலே ஏறச் சொல்லிக் கத்தினார்கள். அவர்களும் திட்டிக்கொண்டே ஏறினார்கள்.

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அரைமணி நேரம், ஒரு மணி நேரம். வெயில் ஏறியது. பிள்ளைகள் தண்ணீர் கேட்டார்கள். ஓர் அதிகாரி, "இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று முணுமுணுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள் என்று டீச்சருக்குத் தெரிந்தது. சுவர் விழவேண்டும் என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டதை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்சுவர் முழங்காலிட்டது. அப்படித்தான் இருந்தது. கீழ்ப்பகுதி முதலில் குழிக்குள் வழுக்க, மேலே இருந்தது நின்ற வாக்கில் இறங்கியது. அதன் மேலேயே கூரை மடிந்து விழுந்தது. பக்கத்து அறையின் கூரையும் பாதி பெயர்ந்து தொங்கியது. புழுதி வாசல்வரை வந்து எல்லாரையும் ஒரே நிறமாக்கியது. அதற்குள்ளிருந்து பச்சையும் மஞ்சளும் நீலமுமாக அட்டைகள் பறந்து வந்தன. ஒரு பிள்ளையும் அவற்றைப் பிடிக்க ஓடவில்லை.

விசாரணை நடந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பதால் அது சீக்கிரமே முடிந்தது. தலைமையாசிரியை தான் எழுதிய நான்கு கடிதங்களின் நகலையும் கொடுத்தார், செவ்வாய்க்கிழமை தான் சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். டீச்சரிடம், "விரிசலை எப்ப முதல்ல பாத்தீங்க?" என்று கேட்டார்கள். திங்கள், செவ்வாய் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். "அட்டை ஒட்டின அன்னிக்கே பாத்தேன்" என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி எழுதினார். அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

பிள்ளைகளைச் சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து நண்டின் அம்மா தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"புது ஸ்கூல்ல இவளை வச்சுக்க மாட்டேங்கறாங்க டீச்சர். பாடம் நடக்கும்போது எழுந்து போய்ச் சுவத்துல காதை வைக்கிறாளாம். மத்த பசங்களும் பயப்படுதுங்களாம். வீட்டுலயும் நடு ரூம்லதான் படுக்கறா. நீங்க சொன்னாக் கேப்பா. சுவரெல்லாம் ஒண்ணும் பண்ணாதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

வாசலில் நின்றிருந்த நண்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பல் பாதி முளைத்திருந்தது.

டீச்சர் வாசலுக்குப் போய் நண்டின் பக்கத்தில் நின்றாள்.

"அந்தப் பள்ளிக்கு நாளைக்கு நான் வர்றேன்" என்றாள். "இவ எந்தச் சுவத்துல காதை வைக்கிறான்னு மட்டும் சொல்லுங்க."

"எல்லாத்துலயும் இல்ல டீச்சர்" என்றாள் நண்டு. "ஒண்ணுலதான்."