சந்தேகத்தில் ஓடிய ஜெனரேட்டர்

கோத்தகிரி கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் சந்தில், விதைக்கடை ஆறுக்குட்டி வாங்கி வைத்த சின்ன ஜெனரேட்டர், அக்கம்பக்கத்தார் அவரைச் சந்தேகப்பட்டால் கூடுதலாகக் கரண்டு கொடுத்தது. நாலு பல்புக்கு மேல் தாங்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்த வருடம் ஆடிக்காற்றில் கற்பூர மரங்கள் கம்பிமேல் சாய்ந்து ஒரு வாரம் கரண்டு இல்லை. ஆறுக்குட்டியின் மனைவி பங்கஜத்துக்கு நுரையீரல் கோளாறு. ஆக்சிஜன் மெஷின் நின்றால் அவள் நிலைமை சிக்கல். மெஷினை மாட்டியதும் ஜெனரேட்டர் முக்கி முனகி அணையப் பார்த்தது. அந்நேரம் பக்கத்து வீட்டில் வர்க்கி பிஸ்கட் சுடும் பேக்கரிக்காரர் தரணிதரன் மதில்மேல் தலையை நீட்டினார். இந்த ஆள் எங்கேயோ கொக்கி போட்டுக் கரண்டு திருடுகிறார் என்று நினைத்தார். கரண்டே இல்லாத கம்பியில் கொக்கி போட்டு என்ன பிரயோஜனம் என்று யோசிக்கவில்லை. சந்தேகம் என்றைக்கு யோசித்தது? ஜெனரேட்டர் நிமிர்ந்து ஓடியது.

சாயங்காலத்துக்குள் சந்தே கூடிவிட்டது. ஆளுக்கொரு சந்தேகம். பெட்ரோலில் எதையோ கலக்கிறார் என்றார்கள், தோட்டத்துக்குள் பூதம் புதைத்திருக்கிறார் என்றார்கள். சந்தேகப்பட்டபடியே ஒயரையும் இழுத்துக்கொண்டார்கள். மிக்ஸி, ஹீட்டர், பேக்கரியில் மாவு பிசையும் மெஷின் எல்லாம் ஓடின. மறுநாள் நாலு பேர் வந்து நன்றி சொன்னார்கள். உடனே பல்பு மங்கியது. ஆறுக்குட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பாவம், அவர் எடையில் ஒரு விதை குறைத்தறியாத மனிதர். கல்யாண வீடுகளில் மொய் எழுத அவரைத்தான் உட்கார வைப்பார்கள். அவர் இப்போது திருட்டுமுழி பழகினார். ஆள் வந்தால் போனை அணைத்தார். கோணிப்பையை அணைத்தபடி மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார், இறங்கினார். மூன்று மழைக்காலம் பங்கஜம் நன்றாக மூச்சு விட்டாள். கடைக்கு ஆள் வரவில்லை, மொய் எழுத யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு வலித்தது, வலித்தால் என்ன, அவள் இருந்தாளே.

கெடுத்தது தரணிதரன் மகள் மனிஷா. நல்ல பெண், அதுதான் வம்பு. பஸ்ஸில் பின்தொடர்ந்து போய்க் கோணிப்பையைப் பிரித்தாள். உள்ளே வெறும் காய்ந்த சருகு. ஆறுக்குட்டி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்ல, அவள் சந்துக்கே சொல்லிவிட்டாள். அன்றைக்கும் மழை, கரண்டு இல்லை. ஆரஞ்சும் ஆப்பிளுமாக எல்லோரும் மன்னிப்புக் கேட்க வந்து நின்றார்கள். ஜெனரேட்டர் படுத்துவிட்டது. ஆக்சிஜன் மெஷின் கீச்சிட்டது, பங்கஜத்தின் உதடு நீலமானது. சந்து முழுக்கக் கண்ணை மூடிச் சந்தேகப்படப் பார்த்தது. நடிப்புக்கு அந்த இயந்திரம் மசியவில்லை.

"அண்ணா, மன்னிச்சுக்கோங்க. எத்தன முக்குனாலும் சந்தேகம் வரவே மாட்டேங்குதுங்க," என்று தரணிதரன் கைகூப்பினார்.

அப்போது பங்கஜம் புருஷனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவரை எங்கே போனீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காதவள்.

"ஏனுங்க," என்றாள் இழுத்து இழுத்து. "நம்ம கண்ணாலத்துக்கு அடுத்த வருசம், குன்னூர் பஸ் ஸ்டாண்டுல... ஒரு பச்சைச் சீலைக்காரிகூட நின்னீங்களே. அது ஆருங்க?"

ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. சந்தின் கடைசி வீடுவரை விளக்கெரிந்தது, பேக்கரியில் மெஷின் தானாகச் சுற்றியது. ஆறுக்குட்டி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நடிப்புக்கு மசியாத இயந்திரம் அது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுடைய உதட்டில் நிறம் திரும்பியது.

அது தூரத்துச் சொந்தமா, வழி கேட்டவளா, வேறு யாருமா என்று அவர் வாய் திறந்தாரானால் தரணிதரன் குறுக்கே விழுந்து பேச்சை மாற்றிவிடுவார். பங்கஜத்துக்கு இப்போது அறுபது நடக்கிறது. கரண்டு போனால் சந்துக்காரர்கள் ஒயரோடு அவர்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.