தானியேல் திறந்த வால்வு

1936-இல் வேலூரில் ஒரு கிளப் மைதானத்துப் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க ஃபிட்டர் தானியேல் மூன்று மாதமாகக் குழாய் பதித்தார். இணைப்புகளை முறுக்கியவன் விரிஞ்சிபுரத்துச் சுப்பராயன்.

முதன்முதலாகத் தண்ணீர் விடும் நாளில் கிளப்பை நடத்திய வெள்ளைக்காரத் துரை வந்து நின்றார். குழாயிலுள்ள காற்று வெளியேற வால்வை மெல்லத்தான் திறக்க வேண்டும். துரை கடிகாரத்தைப் பார்த்ததும் தானியேல் பதறிப்போய் ஒரேயடியாகத் திறந்துவிட்டார். குழாய் அதிர்ந்து ஓர் இணைப்பு பிய்த்துக்கொண்டது. பிய்ந்த குழாய் அடித்து, அருகில் நின்ற சுப்பராயனின் முன்கை முறிந்தது.

இணைப்பைச் சரியாக முறுக்கவில்லை என்று துரை அவனை வேலையிலிருந்து நீக்கினார். தானியேல் வாய் திறக்கவில்லை.

மறுவாரம் பன்னிரண்டு தெளிப்பான்களும் சுழன்று புல்லை நனைத்தன. எல்லோரும் கைதட்டினார்கள். தானியேலால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே விரிஞ்சிபுரம் போனார்.

“தப்பு என்னுதுப்பா. நான்தான் வால்வை வேகமா தொறந்துட்டேன்.”

“தெரியும்ணே. பாத்துக்குனுதான இருந்தேன்” என்றான் சுப்பராயன்.

“அப்ப இன்னாத்துக்குச் சொல்லாம இருந்த?”

“நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்.”

மறுநாள் தானியேல் துரையிடம் உண்மையைச் சொன்னார். துரை அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, சுப்பராயனைத் திரும்ப வரச் சொன்னார். ஆனால் அந்தக் கை ஸ்பானரைப் பிடிக்க இன்னும் இரண்டு மாதமாவது ஆகும்.