பீம்ராவ் தரைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை

பீம்ராவ் துறைமுகத்தில் கிரேன் ஏணியிலிருந்து தவறி விழுந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம் மாசி மாதம். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் சித்திரை வரைக்கும் அவன் தரைக்கு வந்து சேரவில்லை. இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அவன் வீடு தரைத்தளம்; கதவு திறந்தேதான் கிடக்கும், வேண்டியவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தரைக்கு ஒரு முழம் மேலே அவன் விழுந்துகொண்டே இருந்தான். மிதந்தான் என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மிதப்பதற்கும் விழுவதற்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள் அவர்கள். மிதக்கிறவன் முகம் அப்படி இருக்காது. கீழிருந்து மேலாக அவன்மேல் சதா காற்று அடித்தது. தலைமயிர் குத்திட்டு நின்றது. கண்ணில் தண்ணீர் நின்றபாடில்லை. லுங்கி குடை மாதிரி விரிந்து மானம் போனதால் அவன் பெண்டாட்டி பூவம்மா அன்றைக்கே அவனுக்குக் கால்சட்டை மாட்டிவிட்டாள். சோற்றை வாயில் திணித்துவிடலாம். ரசம் மட்டும் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும், அதைச் சுரண்டுவது அவளுக்கு வாராந்திர வேலையானது.

விழுந்தவன் ஏன் வந்து சேரவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அன்று கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டியவன் தமீம். ராயபுரத்துக்காரன், பீம்ராவின் தோஸ்து. கையைத் தாழ்த்தி ஆட்டினால் ஆரியா, அதாவது சரக்கை இறக்கு. முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. தோஸ்து தலைக்கு மேலே கால் வழுக்குவதைப் பார்த்ததும் தமீமின் வலது முஷ்டி தானாக உயர்ந்தது. சிக்னல்காரன் கைக்குக் கட்டுப்படுவது கிரேன் மட்டும்தான் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். பீம்ராவும் கட்டுப்பட்டான். விழுவது நிற்கவில்லை, தரை மட்டும் வரவில்லை. அவனை நைலான் கயிறு கட்டிப் படகு இழுப்பதுபோல் வீடு வரை இழுத்து வந்தார்கள். பின்னாலேயே கையை உயர்த்தியபடி தமீம் நடந்து வந்தான்.

அன்றே பூவம்மா அவனிடம் சத்தியம் வாங்கினாள். "நான் சொல்ற வரைக்கும் கைய இறக்கக் கூடாது பாய். உன் புள்ளைங்க மேல சொல்லு." தமீம் சொன்னான். சொன்னவன் மூன்று வருஷம் கையை இறக்கவில்லை. இடது கையால் சாப்பிட்டான், ஒற்றைக் கையால் தொழுதான், ஒரு கை தைக்காத சட்டை போட்டான், இரவில் அவன் மனைவி முஷ்டியை ஜன்னல் கம்பியோடு துணியால் கட்டிவிடுவாள். டவுன் பஸ்ஸில் அவனைப் பார்க்கிறவர்கள் கம்பியைப் பிடித்திருக்கிறான் என்றே நினைத்தார்கள். கிரேன் வேலை போய்விட்டது. எல்லாவற்றுக்கும் நிறுத்து என்றே காட்டும் சிக்னல்காரனை வைத்துக்கொண்டு எந்தக் கப்பலைக் காலி செய்வது?

ஒப்பந்தக்காரர் பீம்ராவின் நஷ்டஈட்டுக் கேஸை எடுத்துக்கொள்ளவே மாட்டேன் என்றார். விழுந்து முடிக்காத ஆளுக்கு விபத்து என்று எப்படி எழுதுவது, முடித்துவிட்டு வரட்டும் என்றார். அவர் பேச்சிலும் ஒரு நியாயம் இருந்ததுதான் பூவம்மாவுக்கு எரிச்சல். மூன்று வருஷ வேகத்தோடு விழுகிற மனிதன் தரையைத் தொட்டால் என்ன ஆவான் என்பதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்த மெத்தை, கடன் வாங்கிய மெத்தை, தேங்காய்நார், பழைய புடவை எல்லாவற்றையும் அவன் அடியில் பரப்பினாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவனுக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பாள். ஒரு சாண் இருந்தால் உலை வைக்கப் போவாள்.

அவளைத் தின்றது வேறொன்று. அவன் பேசினால் அவளுக்குக் கேட்காது. வாயிலிருந்து வந்த வார்த்தையைக் காற்று அள்ளிக்கொண்டு போய் மூன்றாவது மாடியில் பட்டம்மாள் வீட்டு அடுப்படியில் போட்டுவிடும். பட்டம்மாள் படியில் வந்து நின்று கீழே குரல் கொடுப்பாள். "பூவு, உன் வூட்டுக்காரரு தண்ணி கேக்குறாரு." "பூவு, முதுகு அரிக்குதாம்." மூன்று வருஷமும் தண்ணீர், அரிப்பு, மகள் செங்கொடி ஸ்கூலுக்குப் போனாளா, அவ்வளவுதான் வந்தது. கட்டினவன் பேச்சை ஊரார் வாயால் கேட்கும் கொடுமை வேறெந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது என்று பூவம்மா வாய்விட்டே அழுதிருக்கிறாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் முடியாது. ஓடுகிற பஸ்ஸின் கம்பியைத் தரையில் நின்று பிடித்த மாதிரி வெடுக்கென்று பிடுங்கிக்கொள்ளும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் பொங்கலுக்குப் பிறகு சாண் குறைந்தது. முதலில் நாலு விரல், பங்குனியில் மூன்று. மெத்தைதான் உப்பிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு ராயபுரத்துக்குப் போய் தமீமைப் பார்த்தாள்.

"இன்னா பாய், கை கீய வர்ற மாரி கீதே?"

"அதெல்லாம் இல்ல தங்கச்சி, அப்டியேதான் கீது" என்றான். அப்படி இல்லை. முன்பு உச்சந்தலைக்கு மேலே நின்ற முஷ்டி இப்போது காதுக்கு வந்திருந்தது, விரல் நுனிகள் கறுத்திருந்தன. அவன் மனைவிதான் வாசல் வரை வந்து உண்மையைச் சொன்னாள். கை இந்த மாதம் இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் தோளோடு எடுத்துவிடுவோம் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். எடுத்த கையை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் சிக்னல் செல்லுமா செல்லாதா என்று தெருவில் இரண்டு கட்சியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பூவம்மாவுக்கு அந்தப் பேச்சு குமட்டியது. ஆனாலும் இறக்கு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. சொன்னால் புருஷன் போவான், சொல்லாவிட்டால் அடுத்தவள் புருஷனின் கை போகும். இரண்டு வாரம் அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள்.

வழி செங்கொடியிடமிருந்து வந்தது. ஒன்பதாவது படிக்கும் மகளை ஸ்கூலில் பெங்களூர் சாலையில் புதிதாகத் திறந்திருந்த தீம் பார்க்குக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "ம்மா, அந்த வண்டி மேலேர்ந்து வுயுது பாரு, அப்போ எல்லாருக்கும் நைனா மாரியே முடி நிக்குது. கீய வர்றப்ப அதுவே நம்மள வாங்கி இஸ்துகினு பூடுது. யாருக்கும் அடி படல."

பூவம்மா அவளை அடிக்கத்தான் போனாள். விஷயம் தமீம் காதுக்குப் போனபோது அவன், "பொண்ணு கரீட்டா சொல்லுது" என்றான். "ஆடிகினு வர்ற லோடை எதுத்து நின்னு புடிச்சா ஆள் காலி. கூடவே ஓடிகினே வாங்கணும். ஹார்பர்ல அப்டிதான் வாங்குவோம். ஆனா ஒண்ணு தங்கச்சி, நீதான் இறக்காதன்ன. நீதான் இறக்குன்னும் சொல்லணும்." அதற்குள் இடைவெளி இரண்டு விரலாகிவிட்டது. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நேரம் இல்லாமல் போனது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் ஏற்றும் வேன் ஒன்றைப் பேசி, கழுவி, உள்ளே மெத்தைகளைப் போட்டுப் புறப்பட்டார்கள். கழுவியும் நாற்றம் போகவில்லை. பீம்ராவை நடுவில் கட்டினார்கள். தமீமின் முழங்கையைச் செங்கொடி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகள் தோண்டி வைத்த பள்ளங்களை இங்கே யாருக்கும் வர்ணிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் வேன் குதிக்கும், தமீம் கை ஒரு இழை தாழும், பீம்ராவ் ஒரு இழை இறங்குவான், பூவம்மா அவனுக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகிய விரலை எடுக்காமல் "மெதுவா போ சாமி, மெதுவா போ" என்று டிரைவரைக் கெஞ்சுவாள். பார்க் வாசலில் இறங்கியபோது அவள் விரல் ஒன்றுதான் நுழைந்தது. அதுவும் சிரமப்பட்டு.

உள்ளே குழந்தைகள் பஞ்சுமிட்டாய் தின்றன, ஸ்பீக்கரில் ஏதோ பாட்டு அலறியது. கயிற்றில் வருகிற மனிதனைப் பார்த்து இதுவும் ஒரு விளையாட்டு என்று இரண்டு பேர் வரிசையில் நிற்கவே வந்துவிட்டார்கள். ரோலர் கோஸ்டரில் டை கட்டிய ஆபரேட்டர் மட்டும் தகராறு செய்தார். சீட்டில் சரியாக உட்காராத ஆளை ஏற்ற முடியாது என்றார்.

"உக்காந்துகினுதான் கீறாரு. நீ கம்பியப் போடு" என்றாள் பூவம்மா. அவள் முகத்தைப் பார்த்து அவர் போட்டுவிட்டார். முன் பெட்டியில் அவளும் பீம்ராவும், பின்னால் செங்கொடி. பெரிய சரிவின் அடியில் வேலியோரமாகத் தமீம் போய் நின்றான். வண்டி இரண்டு சுற்று போகும். உச்சியிலிருந்து கவிழும்போது அவள் ஆரியா என்று கத்த வேண்டும், அவன் இறக்க வேண்டும். முந்தினால் சீட்டு பிளக்கும், பிந்தினால் சுற்று வீண்.

வண்டி சங்கிலியில் கடகடவென்று ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பூவம்மா கீழே பார்த்தாள். உயர்த்திய ஒற்றைக் கையோடு தமீம் அத்தனை சின்னதாகத் தெரிந்தான். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. வண்டி கவிழ்ந்துவிட்டது. கொண்டை அவிழ்ந்து மயிர் மேலே பறந்தது. அந்த நேரத்தில்தான் பக்கத்திலிருந்த காற்று நின்றது. இருவரும் ஒரே வேகத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள். அதனால் பீச் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புருஷன் பெண்டாட்டி மாதிரி அமைதியாக இருந்தார்கள். அவன் கை அவள் கையில் தங்கியது. சூடாக இருந்தது. அவன் அவள் பக்கம் திரும்பினான், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவன் குரல் அவன் வாயிலிருந்தே வந்தது.

"பூவு, எத்தினி தபா சொல்லிட்டேன், தமீம் கைய இறக்கச் சொல்லுன்னு. தெனம் சொல்லிகினு கீறேன். உன் காதுல வுயலியா?"

அதற்குள் சரிவு முடிந்துவிட்டது. வண்டி வளைந்து மேலேற, மறுபடி காற்று வந்து அவன் வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே மூன்றாவது மாடி இல்லை. வெறும் வானம்தான் கேட்டுக்கொண்டது.

பூவம்மாவுக்கு முதலில் பட்டம்மாள் மேல் ஆத்திரம் வந்தது. தினமும் கேட்டிருக்கிறாள், தினமும் அதைத் தண்ணீர் என்றும் அரிப்பு என்றும் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வளைவில் அந்த ஆத்திரம் போய்விட்டது. அந்த இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று தோன்றியது. அதற்கடுத்த வளைவில் வெட்கம் வந்தது. இத்தனை நாளும் புருஷனைத் தாங்கியது தன் மெத்தைகள் என்று நினைத்திருந்தாள். தாங்கியது ஒரு மனிதனின் கை, அது அழுகிக்கொண்டிருந்தது. விழுகிறவனுக்கே அது தெரிந்திருக்கிறது, பொறுக்கவில்லை. பிடித்து வைத்திருந்தவள் அவள்தான். சங்கிலி மறுபடி கடகடத்தது. பயம் குறையவே இல்லை. அவனைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் ஓட அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

உச்சி வந்தது. பூவம்மா கம்பியிலிருந்து வலது கையை எடுத்து உயர்த்தினாள், கீழே கொண்டுவந்தாள், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஆரியா!"

தமீம் எத்தனை வருஷத்து சிக்னல்காரன். யோசிக்கவில்லை. முஷ்டி இறங்கியது. வண்டி கவிழ்ந்தது, அவள் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தண்டவாளம் தரையை ஒட்டி வளைகிற இடத்தில் அவன் கனம் வந்து சேர்ந்தது. சீட்டு மடாரென்று அதிர்ந்தது. அவன் தோள் அவள் தோளில் மோதி அவளுக்குக் கண் இருட்டியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கத்தியிருக்க வேண்டிய "ஐயோ, அம்மா" வை அவன் அப்போதுதான் கத்தினான். தலைமயிர் படிந்தது. பின்னாலிருந்து செங்கொடி, "நைனா, நைனா" என்று அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பி, "கழுத்து நெருக்குதுமா" என்றான். அது எல்லோருக்கும் கேட்டது.

வண்டி மட்டும் நிற்கவில்லை. மூன்று வருஷ வேகம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். ஆபரேட்டர் பிரேக் போட்டார், மெயின் சுவிட்சை அணைத்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். வண்டி தன்பாட்டுக்கு ஏறியது, இறங்கியது. ஏறியிருந்தவர்கள் முதலில் அலறினார்கள், பிறகு அலுத்துப்போய் பேச்சுக் கொடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் பையிலிருந்து முறுக்கை எடுத்து எல்லோருக்கும் நீட்டினாள். வரிசையில் நின்றவர்கள் எங்கள் முறை எப்போது என்று சண்டை பிடித்தார்கள். வேலியோரத்தில் தமீம் நின்றிருந்தான். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்துவிட்டன, உள்ளங்கை குழந்தையின் உள்ளங்கை மாதிரி வெளுத்திருந்தது. வண்டி தன்னைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் அந்தக் கையை ஆட்டினான். பீம்ராவும் ஆட்டினான். பார்க் மூடும் நேரத்துக்கு வேகம் தீர்ந்து, வண்டி வந்து நின்றது.

தமீமின் கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை, விரல் நுனி இரண்டு மட்டும் சுரணை இல்லாமல் போயின. பட்டம்மாளிடம் பூவம்மா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவளே மேலே போய் பட்டம்மாள் அடுப்படியில் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஒப்பந்தக்காரர் கேஸை எடுத்துக்கொண்டார். விழுந்த தேதியை எழுதுவதா, சேர்ந்த தேதியை எழுதுவதா என்பது இன்னும் தீரவில்லை. அந்த ரோலர் கோஸ்டர் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சுற்று அதிகமாகவே போகிறது, யாரும் புகார் சொல்வதில்லை.

பார்க்குக்குப் போய் வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை பூவம்மா எழுந்தாள். மெத்தைகளை ராத்திரியே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. பீம்ராவ் வெறும் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் பழக்கத்தில் குனிந்து அவன் முதுகுக்குக் கீழே விரலைச் செருகப் பார்த்தாள். நுழையவில்லை. வேறு பக்கம் போய்ப் பார்த்தாள், அங்கேயும் நுழையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து உலை வைக்கப் போனாள்.